வேலூர்க் கோட்டையை எப்படிக் காட்டலாம்: கூடமா, நடையா, திரையா?

"மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு, சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை" என்று வேலூரைக் கேலி பேசுவது பழைய வழக்கம். 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பி வந்ததும் அதில் ஒன்று பொய்த்துப்போனது. ராஜா இல்லாத கோட்டை மட்டும் அப்படியே இருக்கிறது. சுற்றிலும் அகழி, இரட்டை மதில், கொத்தளங்கள். உள்ளே கோயில், மசூதி, 1846இல் கட்டிய தேவாலயம், அரசு அருங்காட்சியகம், திப்பு மகால், ஹைதர் மகால். ஆனாலும் வெளியூரிலிருந்து வருகிறவர் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு, "பெரிய கோட்டைதான்" என்று சொல்லிக்கொண்டே பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்விடுகிறார்.

இதை மாற்ற நினைக்கிறவர்களுக்கு ஊரில் குறைவில்லை. கல்லூரி வரலாற்றுத் துறை, பள்ளித் தொன்மைப் பாதுகாப்பு மன்றம், முன்னாள் மாணவர் சங்கம், வணிகர் சங்கம் என்று ஏதோ ஒரு பக்கத்திலிருந்து கொஞ்சம் பணம் திரளும். அதை எதில் போடுவது என்பதில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். ஒருவர் நிரந்தரக் கண்காட்சிக் கூடம் வேண்டும் என்பார். இன்னொருவர் ஒலி-ஒளிக் காட்சி என்பார். இளைஞர்கள் கண்ணில் மாட்டிப் பார்க்கும் மெய்நிகர்க் காட்சி, அதாவது வி.ஆர். கண்ணாடி என்பார்கள். கூட்டம் முடியும்போது டீயும் முடிந்திருக்கும், முடிவு மட்டும் எட்டியிருக்காது.

கையில் சில லட்சம் வைத்திருக்கும் குழுவை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கோடிக்கணக்கில் அரசுத் திட்டம் போடுகிறவர்களுக்கும் கேள்விகள் இவைதான், தொகை மட்டும்தான் பெரிது.

## எதை வைத்து அளப்பது

யார் பார்க்கப் போகிறார்கள்? வேலூருக்கு வருகிறவர்கள் ஒரே மாதிரி இல்லை. சி.எம்.சி. மருத்துவமனைக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் நோயாளிக்குத் துணையாக வந்தவர், அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்கும் நாட்களில் மாலையில் கோட்டைக்கு வருகிறார். அவரிடம் நேரம் நிறைய இருக்கிறது, ஆனால் தமிழ் தெரியாது. ஸ்ரீபுரம் பொற்கோயிலைப் பார்த்துவிட்டு வரும் ஆந்திரக் குடும்பத்துக்குத் தெலுங்கு வேண்டும். அவர்களிடம் நேரமும் இல்லை, வேன் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார். காட்பாடியிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் பள்ளிப் பிள்ளைகள் ஒரே பஸ்ஸில் ஐம்பது பேர் வந்து இறங்குவார்கள். மூன்று கூட்டத்துக்கும் ஒரே காட்சி பொருந்தும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கல்லுக்கு என்ன ஆகும்? கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 1958ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2010ஆம் ஆண்டுத் திருத்தமும் சொல்வது இது: பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டரில் அனுமதி பெற்றுத்தான் கட்டலாம். மதிலில் ஒரு ஆணி அடிப்பதற்கும் ஒரு ஒயர் இழுப்பதற்கும் அவர்களைக் கேட்டாக வேண்டும். இதை இடைஞ்சலாக நினைக்க வேண்டாம். நாளைக்கு வேண்டாம் என்றால் தடமில்லாமல் எடுத்துவிட முடிகிற ஏற்பாடுதான் எப்படியும் நல்லது.

மூன்றாம் வருடம் யார் பார்த்துக்கொள்வது? திறப்பு விழாவுக்குப் பணம் கிடைக்கும், ரிப்பன் வெட்ட ஆளும் கிடைக்கும். மூன்றாம் வருடம் ப்யூஸ் போன விளக்கை மாற்ற யார் வருவார் என்பதுதான் உண்மையான திட்டம். எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட இது முக்கியம்.

எந்தக் கதை? பதினாறாம் நூற்றாண்டில் விஜயநகரத்துக்கு உட்பட்ட சின்ன பொம்மி நாயக்கரோடு சேர்த்துச் சொல்லப்படும் கோட்டை இது. பிறகு விஜயநகரத்தின் கடைசி வம்சமான அரவீடு மன்னர்களின் தலைநகர். 1614இல் இரண்டாம் வேங்கடர் இறந்ததும் அவருடைய வாரிசைக் குடும்பத்தோடு கொன்ற கொடுமையும் இங்கேதான் நடந்தது. பிறகு பீஜப்பூர், மராட்டியர், முகலாயர், ஆற்காடு நவாப், கும்பினி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி. 1799க்குப் பிறகு திப்புவின் குடும்பத்துக்குச் சிறை. 1806இல் சிப்பாய்ப் புரட்சி. 1816 முதல் 1832இல் இறக்கும்வரை கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் கைதியாக இருந்ததும் இங்கேதான். எல்லாவற்றையும் ஒரே சுவரில் காலவரிசையாக எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். ஒன்றிரண்டு கதைகளை எடுத்து ஆழமாகச் சொல்ல வேண்டும், மற்றதை விட்டுவிடத் துணிய வேண்டும்.

திருத்த முடியுமா? 1806 ஜூலை 10 விடியலை எடுத்துக்கொள்ளுங்கள். தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகை, தாடி வைக்கத் தடை, நெற்றிக்குறிக்குத் தடை என்று எழுந்த கோபம் அது. திப்பு மகளின் திருமணக் கொண்டாட்டத்துக்கு மறுநாள் விடியுமுன் வெடித்தது. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அதை அடக்கினார். இறந்த வெள்ளைக்காரர்களை ஆங்கில ஏடுகள் சுமார் 130 என்று கணக்கு வைத்திருக்கின்றன. இறந்த சிப்பாய்கள் பலநூறு பேர், அவர்களுக்குப் பெயர்ப்பட்டியல் கிடையாது. மக்கான் சந்திப்பில் இருக்கும் நினைவுத்தூண்தான் அவர்களுக்கு. இப்படி ஒரு பக்கக் கணக்கு மட்டும் துல்லியமாக இருக்கிற விஷயத்தில் நாளை புது ஆவணம் கிடைத்தால் காட்சியை மாற்ற வேண்டிவரும். கிரானைட்டில் செதுக்கிவிட்டால் மாற்றுவது எப்படி?

## நிலையான கூடம்

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான்: ஏசி அறை, கண்ணாடிப் பெட்டிகள், விளக்கு, சுவரில் படங்கள். புதிதாகக் கட்ட முடியாது என்பதால், கோட்டைக்குள் ஏற்கெனவே இருக்கும் அருங்காட்சியகத்தோடு பேசி ஒரு அறையைப் புதுப்பிப்பதுதான் நடைமுறை வழி.

கூடத்தின் பலம் நிழலும் அமைதியும். அக்னி நட்சத்திரக் காலத்தில் வேலூரில் மதில்மேல் நின்று வரலாறு கேட்க யாருக்கும் பொறுமை இருக்காது. அசல் பொருளைப் பாதுகாப்பாக வைக்கவும் கூடம் ஒன்றுதான் இடம்.

இக்கட்டும் அங்கேதான் வருகிறது. வைக்க என்ன இருக்கிறது? கோட்டை பலமுறை கைமாறியது. திப்புவோடு தொடர்புள்ள புகழ்பெற்ற பொருட்கள் லண்டனிலும் ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் மற்ற இடங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. அரவீடு அரண்மனை எப்படி இருந்தது என்று காட்ட இங்கே ஒரு சுவர்கூட மிஞ்சவில்லை. அவர்களின் இன்னொரு தலைநகரான சந்திரகிரியில் இருக்கும் ராஜ மகாலைப் பார்த்துத்தான் ஓரளவு ஊகிக்க வேண்டும். இங்கிலாந்தில் டோவர் கோட்டையின் பெரிய கோபுரத்தை 2009இல் இரண்டாம் ஹென்றி காலத்து வண்ணத் துணிகள், கட்டில்கள், நாற்காலிகள் எல்லாம் புதிதாகச் செய்துவைத்து மீண்டும் வாழ்கிற அரண்மனையாக்கினார்கள். பார்க்க அருமையாக இருக்கிறது. அங்கே கோபுரம் அப்படியே நிற்கிறது, அந்தக் காலத்து ஓவியங்களும் கணக்குகளும் கைவசம் இருந்தன. நாம் அதேபோல திப்பு மகாலுக்குச் சோபா வாங்கிப் போட்டால் அது கல்யாண மண்டபம் மாதிரிதான் இருக்கும்.

நம்மிடம் அசலாக இருப்பவை வேறு. வட ஆற்காடு நடுகற்களுக்குப் பேர்போன மண். செங்கம் பக்கத்து நடுகற்களில் இடைக்கால வீரன் எந்த வாளைப் பிடித்தான், எப்படிக் கச்சை கட்டினான், ஆநிரை கவரும் சண்டையில் எப்படி விழுந்தான் என்று கல்லிலேயே இருக்கிறது. கோட்டையைக் கட்டிய காலத்துக்கு முந்தியவை என்றாலும், இந்த மண்ணில் போர் என்றால் என்ன என்று சொல்ல இவற்றைவிட நல்ல சாட்சி இல்லை. பீரங்கிக் குண்டுகள், காசுகள், பழைய வரைபடங்கள் உண்டு. வீட்டில் தாத்தா காலத்து வாள் இருக்கிறது என்று கொண்டுவந்து கொடுக்கிறவர்களும் உண்டு. உடனே வாங்கி வைத்துவிடாதீர்கள். நூறு வருடத்துக்கு மேற்பட்ட பொருட்கள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், சுவடி என்றால் 75 வருடமே போதும். பதிவு செய்யப்பட்டதா, யார் பெயரில் இருக்கிறது என்று தெளிவாக்கிக்கொண்டு கையெழுத்து வாங்குங்கள்.

கண்ணில் படாத செலவுகள்: துணி, ஓலை, நீர்வண்ண ஓவியம் போன்றவற்றுக்கு 50 லக்ஸ் அளவுக்குமேல் வெளிச்சம் கூடாது. அதனால் சாதாரண டியூப்லைட் உதவாது. ஏசியைப் பகலில் போட்டு இரவில் நிறுத்தினால், ஏசியே இல்லாததைவிட மோசம். ஈரப்பதம் ஏறி ஏறி இறங்குவதில்தான் மரமும் ஓலையும் வெடிக்கும். யுபிஎஸ், பராமரிப்பு ஒப்பந்தம், காவலர் சம்பளம் எல்லாம் மாதாமாதம் வரும்.

இங்கிலாந்தின் நாட்டிங்காம் கோட்டைக் கதை இங்கே சொல்ல வேண்டியது. சுமார் 3 கோடி பவுண்டு செலவழித்துப் புதுப்பித்து 2021 ஜூனில் திறந்தார்கள். நடத்திய அறக்கட்டளை 2022 நவம்பரில் கணக்கை மூடிவிட்டது. கொரோனாவுக்குப் பிந்தைய காலம், டிக்கெட் விலைமீது ஊர்க்காரர்களின் மனக்குறை எனக் காரணங்கள் பல. 2023இல் நகர மன்றமே எடுத்து மறுபடி திறக்க வேண்டியதாயிற்று. கட்டுவதற்கான பணம் இருந்தது, நடத்துவதற்கான பணம் இல்லை.

நல்ல உதாரணமும் அதே நாட்டில் இருக்கிறது. யார்க் நகரின் கிளிஃபர்ட்ஸ் டவர் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கோபுரம், 1684 தீயில் உள்ளே வெறும் கூடாகிப்போனது. 2022இல் அதற்குள் ஒரு மரச்சட்டகத்தை நிறுத்தினார்கள். அது பழைய சுவர்மீது பாரம் ஏற்றாமல் தன் கால்களிலேயே நிற்கிறது. அதில் ஏறிப்போனால் நூற்றாண்டுகளாக யாரும் எட்டாத மேல்தளச் சுவரைக் கிட்டத்தில் பார்க்கலாம். புதிதாக ஒரு பொருளையும் அங்கே கொண்டுவந்து வைக்கவில்லை, கட்டடத்தையே பார்க்க வழி செய்தார்கள். வேலூருக்குப் பாடம் இதுதான் என்பேன்.

கூடத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு பணம் போடச் சொல்வது ஒரே பொருளுக்கு: கோட்டையின் மாடல். 133 ஏக்கரை ஒரு சதுரமாக நினைத்தால் பக்கம் சுமார் 730 மீட்டர். 1:500 அளவில் செய்தால் ஒன்றரை மீட்டர் மேசை போதும், ஆனால் அதில் ஆள் மூன்றரை மில்லிமீட்டர்தான், கண்ணுக்குத் தெரியாது. 1:200இல் செய்தால் ஆள் எட்டு மில்லிமீட்டர் வருவான், சிப்பாயையும் குதிரையையும் நிறுத்தலாம், ஆனால் மாடல் மூன்றரை மீட்டருக்குமேல் போகும். நடுவில் கைநீட்டித் தூசி தட்ட முடியாது. கோட்டை முழுவதும் 1:500இல், கிழக்குப் பக்கம் ஒரு கொத்தளமும் அகழியும் மட்டும் 1:50இல் தனியாக என்று இரண்டாகப் பிரிப்பதே புத்திசாலித்தனம். இரண்டாவதைத் தொட்டுப் பார்க்கும்படி செய்யுங்கள். பார்வையற்றவர்களுக்கு அது ஒன்றுதான் கோட்டை. பிள்ளைகள் எப்படியும் தொடத்தான் போகிறார்கள்.

எப்போது இதுவே சரி: அசல் பொருட்கள் உங்களிடம் உறுதியாக இருந்தால், நடத்தும் பொறுப்பை ஒரு அரசுத் துறையோ பல்கலைக்கழகமோ எழுத்தில் ஏற்றால்.

## கோட்டையிலேயே பலகையும் நடையும்

இரண்டாவது வழி கோட்டையைக் கோட்டையிலேயே காட்டுவது. சரியான இடத்தில் விளக்கப் பலகை, பயிற்சி பெற்றவர்கள் அழைத்துப்போகும் நடை. ஆடம்பரம் இல்லாததால் கூட்டங்களில் இதற்குக் கைதட்டல் கிடைப்பதில்லை. என் ஓட்டு இதற்கே.

காரணம் எளிது. இடைக்காலக் கோட்டை ஒரு போர்க்கருவி. அது எப்படி வேலை செய்தது என்பது நின்ற இடத்திலிருந்து பார்த்தால்தான் புரியும். கொத்தளம் ஏன் மதிலிலிருந்து வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது? மதில் அடிக்கு வந்துவிட்ட எதிரியை நேர் மேலிருந்து சுட முடியாது, பக்கவாட்டிலிருந்து சுட வேண்டும். பக்கத்துக் கொத்தளத்தில் நின்று இந்தக் கொத்தளத்தின் அடியைப் பார்த்தால் ஒரு சின்னப் பிள்ளைக்கும் அது விளங்கிவிடும். எந்தத் திரையும் அப்படி விளக்காது.

அடுத்தது மலைகள். மதில்மேல் நின்று கிழக்கே பாருங்கள். அந்தக் குன்றுகளின் உச்சியில் சிறு கோட்டைகள் இருக்கின்றன. கீழே எவ்வளவு பலமான மதில் கட்டினாலும், குன்றைப் பிடித்தவன் மேலிருந்து பீரங்கி வைத்தால் உள்ளே இருப்பவனுக்கு நிம்மதி இல்லை. 1677இல் தொடங்கிய மராட்டிய முற்றுகை ஓராண்டுக்கு மேல் நீடித்து 1678இல்தான் முடிந்தது. பிறகு இரண்டாம் மைசூர்ப் போரில் ஹைதர் அலியின் படை நீண்ட நாள் சூழ்ந்து நின்றும் கோட்டை விழவில்லை. குன்றும் மதிலும் ஒரே பார்வையில் தெரியும் இடத்தில் ஒரு பலகை இருந்தால் இந்த இரண்டு முற்றுகைகளையும் நான்கு வரியில் சொல்லிவிடலாம். அறைக்குள் அதையே சொல்ல ஒரு சுவர் முழுக்கப் படம் வேண்டும்.

பலகையில் என்ன எழுதுவது? "இந்தக் கோட்டை ஒரு சிறப்புமிக்க வரலாற்றுச் சின்னமாகும்" என்று தொடங்கும் பலகைகளை நாடெங்கும் பார்த்திருக்கிறோம். படிக்கிறவரின் கண்ணை ஏதாவது ஒரு கல்லின்மீது திருப்பாத வாக்கியம் பலகையில் இருக்கக் கூடாது. "இடதுபுறம் கீழே பாருங்கள்" என்று தொடங்குங்கள். ஒரு பலகைக்கு எழுபது, எண்பது சொல் போதும். தமிழில் சொற்கள் நீளம் என்பதால் ஆங்கிலத்துக்குப் போட்ட வடிவமைப்பில் தமிழை நுழைத்தால் எழுத்து சிறுத்துவிடும். முதலில் தமிழை அமைத்துவிட்டு மற்ற மொழிகளை அதற்கேற்ப வையுங்கள்.

மொழி விஷயத்தில் ஒரு வாய்ப்பு சும்மா கிடக்கிறது. 1806க்குப் பிறகு திப்புவின் பிள்ளைகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே தர்மதலாவில் 1842இல் திப்பு சுல்தான் மசூதியைக் கட்டிய இளவரசர் குலாம் முகமது சிறு வயதில் வேலூரில் காவலில் இருந்தவர். கொல்கத்தாவிலிருந்து சிகிச்சைக்கு வந்து, மாலையில் திப்பு மகால் முன்னால் நிற்கிற ஒருவருக்கு வங்காளத்தில் இரண்டு வரி இதைச் சொல்லுங்கள். இந்தக் கோட்டை அவருக்கும் சொந்தமாகிவிடும். இலங்கையிலிருந்து வருகிறவர்களுக்குக் கண்டி மன்னர் அப்படி. கோட்டை நடையைப் பாலாற்றங்கரையில் அவருடைய நினைவிடமான முத்து மண்டபம்வரை நீட்டலாம்.

செலவுகள்: ஃபிளெக்ஸ் பேனரை வேலூர் வெயில் ஒரு கோடையில் வெளுக்கவைத்துவிடும், அடுத்த காற்றில் கிழியும். எனாமல் தகடு அல்லது எழுத்து பொறித்த எஃகு என்று போக வேண்டும், விலை பல மடங்கு. மதிலில் பதிக்காமல் தன் பாரத்தில் நிற்கும் அடித்தளம் வேண்டும். கோடை மதியத்தில் எஃகுத் தகடு கைசுடும், அதைச் சாய்வாக, நிழல் விழும் பக்கம் வைக்க வேண்டும். பெயர் கிறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள், வருடத்துக்கு இரண்டு தகடு மாற்றப் பணம் ஒதுக்கிவையுங்கள்.

ஆனால் பெரிய செலவு மனிதர்கள். நடை நடத்தும் கல்லூரி மாணவர் மூன்று வருடத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு சென்னைக்குப் போய்விடுவார். ஒவ்வொரு ஜூனிலும் புதிய அணிக்குப் பயிற்சி தர வேண்டும். படிக்கிற பிள்ளைகள்தானே என்று சும்மா உழைக்கச் சொல்லாதீர்கள், போக்குவரத்துப் பணமும் ஒரு தொகையும் கொடுங்கள். இல்லாவிட்டால் தேர்வு வந்ததும் நடை நின்றுவிடும்.

எப்போது இதுவே சரி: பணம் குறைவாகவும் ஆள் பலம் அதிகமாகவும் இருக்கும்போது. அருகே ஒரு கல்லூரி நிலையாகத் தோள்கொடுக்கும்போது. வெயில் தாங்காத முதியவர்களும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் உங்கள் முக்கியப் பார்வையாளர் என்றால் இது மட்டும் போதாது.

## திரை, கண்ணாடி, செல்பேசி

இதில் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம்.

வி.ஆர். கண்ணாடி முதல் தடவை பார்க்கிறவரை அசத்தும். கணக்கைப் பாருங்கள். காட்சி எட்டு நிமிடம், துடைத்து மாட்ட இரண்டு நிமிடம், ஆக ஒரு கண்ணாடியில் மணிக்கு ஆறு பேர். ஐம்பது பிள்ளைகள் ஒரே பஸ்ஸில் வந்தால் ஐந்து கண்ணாடி இருந்தாலும் ஒரு மணி நாற்பது நிமிடம். மீதிப் பிள்ளைகளை யார் கட்டி மேய்ப்பது? பேட்டரி, வேர்வையில் நனையும் பஞ்சு, தலைசுற்றல், இரண்டு வருடத்தில் பழசாகும் மென்பொருள் எல்லாம் உண்டு. முப்பரிமாணக் காட்சியை யார் வரைகிறார் என்பதையும் கவனியுங்கள். ஆதாரம் இல்லாத இடத்தில் பளிங்குத் தூணும் தங்க சிம்மாசனமும் வந்து உட்கார்ந்துவிடும், பார்த்துவிட்டுப் போகிற பிள்ளை அதையே வரலாறாக நினைத்துக்கொள்ளும்.

செல்பேசிக் குரல் விளக்கம் வேறு ரகம். பலகையில் ஒரு க்யூஆர் கட்டம், வருகிறவர் தன் போனிலேயே ஒன்றரை நிமிடம் கேட்கிறார். தமிழ், தெலுங்கு, உருது, இந்தி, வங்காளம் என்று மொழியைக் கூட்டிக்கொண்டே போகலாம், பலகையில் இடம் அடைக்காது. தவறு தெரிந்தால் அன்றே ஒலிப்பதிவை மாற்றலாம். எங்கே வழுக்கும் என்றால், இணையதளப் பெயரை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். அது ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் இருந்து அவர் ஊர் மாறினால் எல்லாக் கட்டங்களும் ஒரே நாளில் செத்துவிடும். நிறுவனத்தின் பெயரில் பதிவு செய்யுங்கள். ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்கு இது இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எப்போது இதுவே சரி: கண்ணாடி, ஒரு பொருட்காட்சியிலோ கல்லூரி விழாவிலோ சில நாட்களுக்கு. குரல் விளக்கம் எப்போதும், ஆனால் தனியாக அல்ல, பலகைக்குத் துணையாக.

## ஒலி-ஒளிக் காட்சி

மதுரைத் திருமலை நாயக்கர் மகாலை நினைத்துக்கொண்டு இதைக் கேட்கிறார்கள். மாலையில் வேறு வேலையில்லாத ஆயிரக்கணக்கான பேர் தங்கும் ஊர் வேலூர் என்பதால் ஆசையில் நியாயம் இருக்கிறது. ஆனால் சிறு குழுவின் கைக்கு எட்டும் காரியம் இல்லை. ஒயரிங், ஒலிபெருக்கி, உட்காரும் இடம், இரவுக் காவல் என்று எல்லாமே தொல்லியல் துறை அனுமதிக்குள் வரும். பக்கத்திலேயே கோயிலில் மாலைப் பூஜை நடக்கும். ஒருமுறை பதிவு செய்த கதையை இருபது வருடம் மாற்றாமல் ஓட்டுவதுதான் வழக்கம், அதில் பிழை இருந்தால் பிழையும் இருபது வருடம் ஓடும். மழைக்காலத்தில் இடம் காலி.

எப்போது இதுவே சரி: சுற்றுலாத் துறையே நடத்தினால். அப்போதும் கதை எழுதும் குழுவில் உள்ளூர் வரலாற்று ஆசிரியர் ஒருவர் இருக்க வேண்டும் என்று கேளுங்கள்.

## ஊர் ஊராகப் போகும் கண்காட்சி

கோட்டைக்கு வர முடியாத பிள்ளைகளிடம் கோட்டை போவது. பத்துப் பன்னிரண்டு சுருள் பலகை, ஒரு மாடல், ஒரு பெட்டியில் தொட்டுப் பார்க்கும் பொருட்கள் என்று ஒரு டாடா ஏஸில் அடங்கிவிடும். அரக்கோணம், ஆம்பூர், ஆரணி, சோளிங்கர் பள்ளிகளுக்கு இது வருவதும் வராததும்தான் வித்தியாசம். எந்த அனுமதியும் வேண்டாம், பள்ளித் தலைமையாசிரியர் ஒத்துக்கொண்டால் போதும்.

இதில் கதையை விரிக்கவும் இடம் இருக்கிறது. 1751இல் கிளைவ் முற்றுகைக்குள் இருந்த ஆற்காட்டில் இன்று மிஞ்சியிருப்பது டெல்லி வாசல். தேசிங்கு ராஜாவின் செஞ்சி, மராட்டிய ராணுவ நிலக்காட்சிகளில் ஒன்றாக 2025இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியிருக்கிறது. மலைக்கோட்டையான செஞ்சியையும் தரைக்கோட்டையான வேலூரையும் பக்கத்துப் பக்கத்துப் பலகையில் வைத்தாலே, இடத்துக்கு ஏற்றபடி காவல் எப்படி மாறுகிறது என்று பாடம் நடத்திவிடலாம்.

சிறு விஷயம், ஆனால் மறந்துவிடுவார்கள்: ஒன்றரை மீட்டர் மாடல் பள்ளி வகுப்பறைக் கதவுக்குள் நுழையாது. இரண்டு பாதியாகச் செய்து உள்ளே போய் இணைக்கும்படி வையுங்கள். ஏற்றி இறக்குவதில் கொத்தளங்கள் உடையும், ஒட்டுவதற்குக் கைத்திறன் உள்ள ஒருவர் குழுவில் இருக்க வேண்டும்.

எப்போது இதுவே சரி: கோட்டைக்குள் அனுமதி தாமதமாகும்போது, அல்லது உங்கள் நோக்கம் சுற்றுலா அல்ல, பள்ளிக் கல்வி என்னும்போது.

## ஒரே பார்வையில்

| வழி | தொடக்கச் செலவு | மூன்றாம் வருடச் சுமை | அனுமதி | திருத்துவது | யாருக்கு நன்று |
|---|---|---|---|---|---|
| நிலையான கூடம் | மிக அதிகம் | மின்சாரம், காவல், பராமரிப்பு ஒப்பந்தம் | உரிய துறையோடு ஒப்பந்தம் | கடினம் | வெயில் தாங்காதவர், ஆழமாகப் பார்ப்பவர் |
| பலகையும் நடையும் | நடுத்தரம் | ஆண்டுதோறும் பயிற்சி, தகடு மாற்றம் | தொல்லியல் துறை | தகடு கடினம், நடை எளிது | பள்ளி, உள்ளூர்க்காரர், நடக்க முடிந்தவர் |
| வி.ஆர். கண்ணாடி | அதிகம் | கருவி பழசாகும் | வைக்கும் இடத்தைப் பொறுத்தது | செலவு மிகுதி | சில நாள் விழா |
| செல்பேசிக் குரல் | குறைவு | இணையதளப் புதுப்பிப்பு | கட்டம் ஒட்டும் இடத்துக்கு மட்டும் | மிக எளிது | பிற மொழியினர் |
| ஒலி-ஒளி | மிக மிக அதிகம் | பணியாளர், கருவி | கடினம் | அநேகமாக இயலாது | இரவு தங்கும் பயணிகள் |
| ஊர்சுற்றும் கண்காட்சி | குறைவு | வண்டி வாடகை, பழுது | வேண்டாம் | எளிது | கிராமப் பள்ளிகள் |

## எந்தக் குழுவுக்கு எது

கல்லூரித் துறை என்றால் நடையிலிருந்து தொடங்குங்கள். பலகைக்கு முன்பே நடை தொடங்கிவிடலாம். எந்த இடத்தில் கூட்டம் நின்று கேள்வி கேட்கிறது என்று ஒரு பருவம் கவனித்தால், பலகை எங்கே வேண்டும் என்பது தானே தெரிந்துவிடும். மேசையில் உட்கார்ந்து வரைபடத்தில் புள்ளி வைத்தால் பாதிப் பலகை யாரும் நிற்காத இடத்தில் போய் நிற்கும்.

பணம் உள்ள சங்கம், ஆனால் ஓடியாட ஆளில்லை என்றால், மாடல் ஒன்றைச் செய்து அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள், கூடவே ஐந்து வருடப் பராமரிப்புத் தொகையையும் வைப்பாகக் கொடுங்கள். பெயர்ப்பலகை சின்னதாக இருக்கட்டும்.

பள்ளி மன்றம் என்றால் ஊர்சுற்றும் கண்காட்சி. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே தெர்மாக்கோலில் கொத்தளம் வெட்டட்டும். வாங்கிய மாடலைவிட அவர்களுக்கு அது அதிகம் கற்றுக்கொடுக்கும்.

மருத்துவமனையைச் சுற்றியுள்ள விடுதிக்காரர்கள் சேர்ந்து ஏதாவது செய்ய நினைத்தால், வங்காளம், இந்தி, தெலுங்குக் குரல் விளக்கத்தை ஏற்றுக்கொள்ளட்டும். விடுதி வரவேற்பு மேசையில் க்யூஆர் அட்டை வைக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். கோட்டைக்குக் கிளம்பும் முன்பே அறையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகலாம்.

எல்லாம் செய்ய முடிகிற பெரிய குழு என்றால் வரிசை இது: நடை, குரல் விளக்கம், மாடல், பலகை, கடைசியில் கூடம். கூடத்தைப் பற்றிப் பேசும் நேரத்தில் உங்களிடம் பயிற்சி பெற்ற ஆட்களும், எது பார்வையாளரை நிறுத்துகிறது என்ற அனுபவமும் சேர்ந்திருக்கும்.

எதைத் தேர்ந்தாலும் தொல்லியல் துறைக்கான கடிதத்தை முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள். வரைபடம், பலகையின் அளவு, எடை, எப்படிக் கழற்றுவது என்பதை எல்லாம் இணைத்து அனுப்பினால் கேள்விகள் குறையும். பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. 1:500 மாடலின் அடித்தளத்தைச் செயற்கைக்கோள் படத்தை வைத்தே வரையலாம். அகழியின் கோடு அதில் தெளிவாகத் தெரிகிறது.